எம்பிஏ என்று ஒரு படிப்பு இல்லை

பொறியியல் கடைசி ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "வேலை சரியாக அமையாவிட்டால் எம்பிஏ சேர்த்துவிடலாம்." பி.காம். படித்த பிள்ளை உள்ள வீட்டில் அதே பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி வரும்: "வெறும் பி.காம்.ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது, கூடவே ஒரு எம்பிஏ இருக்கட்டும்." இரண்டு வீட்டிலும் யாரும் கேட்காத கேள்வி, எந்த எம்பிஏ என்பது. கல்லூரியின் பெயரைக் கேட்பார்கள், கட்டணத்தைக் கேட்பார்கள். படிப்பு எங்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அது ஒன்றல்ல என்பதைப் பார்க்க அமெரிக்காவுக்கோ அகமதாபாத்துக்கோ போக வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் ஒன்றே போதும். கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த மேலாண்மைக் கல்வித் துறை இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக ஆசிரியர்களே பாடம் வகுத்து, அவர்களே நடத்தி, அவர்களே தேர்வு வைக்கிறார்கள். அடுத்து, மாநிலம் முழுவதும் பரவிக் கிடக்கும் இணைப்புக் கல்லூரிகள். பெரும்பாலும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் ஒரு மாடியில் இயங்கும் எம்பிஏ துறைகள் இவை. பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் கிண்டியிலிருந்து வரும், நடத்துவது கல்லூரி. மூன்றாவது, தன்னாட்சி பெற்ற கல்லூரிகள். பாடத்தையும் வினாத்தாளையும் அவர்களே தயாரிப்பார்கள், பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். நான்காவது, தொலைநிலைக் கல்வி. வேலையை விடாமல், அஞ்சலில் வரும் பாட நூல்களையும் விடுமுறை நாள் வகுப்புகளையும் வைத்துப் படிப்பது. நான்கின் முடிவிலும் கிடைக்கும் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான், பட்டத்தின் பெயரும் ஒன்றுதான்.

பாடத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. முதல் ஆண்டில் புள்ளியியல், மேலாண்மைக் கோட்பாடுகள், பொருளாதாரம், கணக்கியல், வணிகச் சட்டம், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி. இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடங்கள், கோடையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி, கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். மத்திய அரசின் இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களில் ஒன்றின் முதலாண்டுப் பாடப்பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்புகளில் முக்கால்வாசி ஒத்துப்போகும். பயன்படுத்தும் பாட நூல்களும் பல இடங்களில் அவையேதான். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? யாரை உள்ளே விடுகிறார்கள், உள்ளே வந்தவர்கள் வகுப்பில் என்ன செய்கிறார்கள், முடிக்கும்போது வாசலில் எந்த நிறுவனம் வந்து நிற்கிறது என்ற மூன்றில்தான். பாடத்திட்டத்தை மட்டும் பார்த்து எம்பிஏ தேர்ந்தெடுப்பவர் முக்கியமானதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

வணிகத்தை முதுநிலைப் படிப்பாகச் சொல்லித்தரும் பள்ளி முதலில் தோன்றியது அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், 1900இல். டக் பள்ளி என்று அதற்குப் பெயர். எம்பிஏ என்ற பெயரில் பட்டத்தைத் தொடங்கியது ஹார்வர்ட், 1908இல். முதல் தலைவர் எட்வின் கே ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர். தொடக்கத்தில் இந்தப் படிப்புக்கு உருவமே சரியாகப் பிடிபடவில்லை. எதைச் சொல்லித்தருவது, எப்படிச் சொல்லித்தருவது என்பது பள்ளிக்கே தெளிவில்லை. 1919இல் தலைவராக வந்த வாலஸ் டொனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்து மாணவர்களை வாதாட விடுவது போல, வணிகத்திலும் உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களை எழுதிக் கொடுத்து விவாதிக்க வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். கேஸ் முறை அப்படி ஹார்வர்டின் அடையாளம் ஆயிற்று. பத்திருபது பக்கத்துக்கு ஒரு நிறுவனத்தின் கதை, முடிவு சொல்லாமல் நிறுத்தப்பட்டிருக்கும். ஏறக்குறைய 90 பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியர் யாரையாவது சுட்டி, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பார். பல பாடங்களில் மதிப்பெண்ணில் பாதி வரை வகுப்பில் பேசியதற்கே போகும்.

இதே கேஸ் முறை நம் ஊருக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பார்க்க, இணைப்புக் கல்லூரி மாணவர் எழுதும் அண்ணா பல்கலைக்கழக எம்பிஏ வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். பகுதி 'அ': பத்து கேள்விகள், தலா 2 மதிப்பெண். வரையறு, பட்டியலிடு வகை. பகுதி 'ஆ': ஐந்து கேள்விகள், தலா 13. இது அல்லது அது என்று தேர்ந்தெடுத்து விரித்து எழுத வேண்டும். பகுதி 'இ': ஒரே கேள்வி, 15 மதிப்பெண். அதுதான் கேஸ். கால் பக்கமோ அரைப் பக்கமோ ஒரு நிறுவனத்தின் கதை, அடியில் இரண்டு மூன்று கேள்விகள். மூன்று மணி நேரத்தின் கடைசி அரை மணியில், கை வலிக்க வலிக்க, தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியது. எண்பத்தைந்து மதிப்பெண் ஏற்கெனவே மற்ற இரண்டு பகுதிகளில் இருக்கும்போது எந்த மாணவர் கேஸுக்காகத் தயாராவார்? போன ஆண்டு வினாத்தாள்களையும் இரண்டு மதிப்பெண் வினா விடைத் தொகுப்பையும் புரட்டுவதுதான் புத்திசாலித்தனம், மாணவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மாணவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை முன்பின் அறியாதவர்கள் திருத்த வேண்டிய அமைப்பில் வேறு மாதிரித் தேர்வு வைப்பது கடினம். அதே பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத் துறைக்கு இந்தக் கட்டாயம் இல்லை; நடத்துபவரே திருத்துகிறார். ஒரே பட்டத்துக்குள் முதல் பிளவு இங்கே விழுகிறது.

இந்தியாவில் இந்தப் படிப்பு இரண்டு பாதைகளில் வந்தது. ஒன்று பல்கலைக்கழகப் பாதை. கொல்கத்தாவில் 1953இல் சமூக நல, வணிக மேலாண்மைக்கான நிறுவனம் ஒன்று தொடங்கியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்விப் புலம் 1954இல் வந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகம் 1957இல் எம்பிஏ தொடங்கியது. இன்னொன்று, மத்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு போட்ட பாதை: 1961இல் முதலில் கல்கத்தா ஐஐஎம், பின்னாலேயே அகமதாபாத் ஐஐஎம். கல்கத்தாவுக்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளி துணை நின்றது, அகமதாபாத்துக்கு ஹார்வர்ட். பல்கலைக்கழகச் சட்டதிட்டங்களில் சிக்காமல் இருக்க வேண்டும் என்று ஐஐஎம்களைச் சங்கங்களாகப் பதிவு செய்தார்கள். அதற்கு ஒரு விலை இருந்தது. பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனம் பட்டம் வழங்க முடியாது. ஆகவே நாட்டிலேயே எல்லோரும் ஏங்கிய அந்தப் படிப்பின் முடிவில் கிடைத்தது முதுநிலை டிப்ளமோதான். ஐஐஎம் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 ஜனவரி கடைசியில் நடைமுறைக்கு வந்த பிறகே அவை எம்பிஏ பட்டம் கொடுக்கத் தொடங்கின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலாண்மை படித்த தமிழர் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து பெப்சிகோவின் தலைமைப் பொறுப்புக்குப் போன இந்திரா நூயி. அவர் கல்கத்தா ஐஐஎம்மில் 1976இல் முடித்தது டிப்ளமோ. யேல் பல்கலைக்கழகத்தில் 1980இல் வாங்கிய முதுநிலைப் பட்டத்துக்கு அப்போது பொது மற்றும் தனியார் மேலாண்மை என்று பெயர். இரண்டு தாளிலும் எம்பிஏ என்ற எழுத்து கிடையாது.

டிப்ளமோவா பட்டமா என்ற இந்தக் குழப்பம் இன்றும் பெற்றோரைப் பாடாய்ப் படுத்துகிறது. நடைமுறையில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். எம்பிஏ என்று பெயர் இருந்தால் அது பல்கலைக்கழகமோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ஐஐஎம் போன்ற தனிச் சட்ட நிறுவனமோ கொடுப்பது. பிஜிடிஎம் (முதுநிலை மேலாண்மை டிப்ளமோ) என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாத தனி நிறுவனம், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் ஒப்புதலோடு நடத்துவது. தனியார் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் பிஎச்.டி. சேர வேண்டும், கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால், பிஜிடிஎம்முக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலை அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 2001இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் தன் ஓராண்டுப் படிப்புக்கு எம்பிஏ என்றும் பெயர் வைக்கவில்லை, ஏஐசிடிஇ ஒப்புதலுக்கும் போகவில்லை. வேலை கொடுப்பவர்கள் மதித்தால் போதும் என்ற துணிவு அது. அந்தப் பள்ளியின் உருவாக்கத்தில் பங்குகொண்ட புதுக்கோட்டைப் பகுதிக்காரர் பாலா பாலசந்திரன், அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியர், 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கும் ஓராண்டுப் படிப்புதான் முதலில் பெயர் வாங்கியது.

ஒப்புதல் விவகாரத்தில் தமிழ்நாட்டின் பங்கு சற்றுப் பெரியது. பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் புதிய தொழில்நுட்பப் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில். தனியார் கல்லூரி நிர்வாகங்களின் சங்கம் போட்ட வழக்கில் 2013இல் இன்னும் ஒரு படி போய், எம்பிஏ தொழில்நுட்பக் கல்விக்குள்ளேயே வராது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கு அந்த ஒப்புதல் வேண்டாம் என்றது. பின்னால் வந்த இடைக்கால உத்தரவுகளால் ஒப்புதல் நடைமுறை தொடர்ந்தது என்பது வேறு. கல்லூரி விளம்பரத்தில் 'ஏஐசிடிஇ அங்கீகாரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால், இத்தனை இடத்துக்கு இத்தனை வகுப்பறை, இத்தனை ஆசிரியர் என்ற குறைந்தபட்சக் கணக்கில் அது தேறியது என்று மட்டும்தான் பொருள்.

இனி வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பல்கலைக்கழக எம்பிஏவுக்கான பொது வாசல் டான்செட். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் இந்தத் தேர்வில் இரண்டு மணி நேரம், நூறு கேள்விகள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். தரவரிசை வந்ததும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில், 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி அரசு ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்படும். மறுபுறம் ஐஐஎம்களில் சேர்வதற்கான கேட் தேர்வு. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் நடக்கும் இதை ஏறக்குறைய 3 லட்சம் பேர் எழுதுகிறார்கள். அதில் தேறியவர்களை ஐஐஎம்கள் மறுபடி நேர்காணலில் சலித்தெடுக்கும்.

டான்செட் கலந்தாய்வில் நேர்காணல் கிடையாது. குழு விவாதமும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நேர்காணல் அறையில் ஆங்கிலமும் நடை உடையும் எத்தனை மதிப்பெண் வாங்கும் என்பது அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. பொருளாதாரம் படித்த ஒரு மாணவி, தரவரிசை ஒன்றை மட்டும் வைத்துக் கிண்டி வளாகத்துக்குள் வர முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த முறைதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் எப்படிப்பட்ட கலவை வேண்டும் என்று துறை தேர்ந்தெடுக்க வழியில்லை. ஐந்து ஆண்டு விற்பனையில் இருந்தவரும் நேற்று கல்லூரி முடித்தவரும் தரவரிசையில் ஒன்றுதான். அத்தோடு, நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களில் இந்த வாசல் அகலத் திறந்தே இருக்கிறது. பல கல்லூரிகளில் இடம் நிரம்புவதே பெரும்பாடு.

வாசல் மாறினால் அதே மாநிலப் பல்கலைக்கழகப் பட்டம் எப்படி மாறும் என்பதற்குத் திருச்சியே சாட்சி. பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984இல் பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலை வளாகத்தில் தொடங்கியது. கொடுப்பது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம்பிஏ. ஆனால் கேட் மதிப்பெண், நேர்காணல் என்று அது நாடு தழுவிய போட்டியில் ஆள் எடுத்தது. அதன் மாணவர்களைத் தேடி நிறுவனங்கள் வந்தன. அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தின் பெயரில், கலை அறிவியல் கல்லூரிகளிலும் எம்பிஏ நடக்கிறது. அங்கே வரும் நிறுவனங்கள் வேறு.

வேலை அனுபவம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நல்ல பள்ளிகளில் இன்று நாலைந்து ஆண்டு வேலை பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் சேர்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே 1943இல் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ தொடங்கிவிட்டது. நம்மிடம் பெரும்பாலான வகுப்பறைகளில் பட்டம் வாங்கிய கையோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். 21 வயதுப் பிள்ளையிடம் உங்கள் கீழ் வேலை செய்யும் ஒருவர் ஒத்துழைக்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பாட நூலில் உளவியலாளர் மாஸ்லோ சொன்னதைத்தான் எழுதும். அதன் கீழ் யாரும் வேலை செய்ததில்லை. கோவையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத், லயோலாவில் இயற்பியல் முடித்ததும் நேரே அகமதாபாத் போகவில்லை. யூனியன் கார்பைடு பேட்டரித் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத்தான் போனார். இரண்டு ஆண்டு எங்காவது, எந்த வேலையானாலும், பார்த்துவிட்டுச் சேருங்கள் என்று நான் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். "இடையில் வேலைக்குப் போனால் படிப்பு விட்டுப்போகும்" என்பார்கள். பெண்ணாக இருந்தால் கல்யாணக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கவலைகளை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட முடியாது.

அதனால்தான் தொலைநிலை, ஆன்லைன் எம்பிஏவை ஏளனமாகப் பேசுவது சரியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று குழு 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. ஏற்கெனவே வங்கியிலோ தொழிற்சாலையிலோ இருப்பவர், பதவி உயர்வுக்கு ஒரு முதுநிலைப் பட்டம் தேவை என்றால், அவருக்கு இதுவே பொருத்தம். வேலை இல்லாதவர் வேலை தேடி இதில் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், வளாக நேர்காணலுக்கு வர வளாகமே இல்லை.

மூன்றாவது, முடிக்கும்போது வாசலில் எந்த நிறுவனம் வந்து நிற்கிறது என்பது. இதைப் பார்க்க ஒரு நல்ல ஆவணம் பொதுவெளியிலேயே கிடக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். தரவரிசை எண்ணை விட்டுவிட்டு இந்தத் தாளைத் தேடி எடுங்கள். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு என்ற பகுதியில் ஒரே வரிசையில் இத்தனை இருக்கும்: முதலாண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். வைத்துக்கொள்வோம், ஒரு கல்லூரியின் வரிசை இப்படி இருக்கிறது: 120, 84, 71, 38, 3.2 லட்சம், 2. பத்தில் மூன்று பங்கு இடம் காலி. சேர்ந்த 84 பேரில் 13 பேர் நேரத்தில் முடிக்கவில்லை. வேலை கிடைத்தது 38 பேருக்கு, அதாவது சேர்ந்தவர்களில் பாதிக்கும் குறைவு. அந்த 38 பேரிலும் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு 3.2 லட்சமோ அதற்குக் குறைவோ. இதே கல்லூரியின் விளம்பரப் பலகையில் 'அதிகபட்சச் சம்பளம் 12 லட்சம்' என்று ஒரு சிரித்த முகத்தோடு இருக்கலாம், அதுவும் பொய்யாக இருக்காது.

விளம்பரங்கள் சராசரியைச் சொல்வதற்கும் இந்தத் தாள் இடைநிலையைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 23 லட்சம் என்றால் சராசரி 5 லட்சம். அந்த 5 லட்சத்தை வாங்குபவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 3 லட்சம் என்ற உண்மை வெளியே வந்துவிடும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கணக்கைப் போட வேண்டும். தனியார் பிஜிடிஎம்மிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து 10 லட்சம் ஆகிறது, முழுவதும் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 5 லட்சமாக வங்கி கட்டுகிறது. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலும் மூன்றாண்டு முடிவில் இரண்டரை லட்சம் சேர்ந்து, திருப்பிக் கட்ட வேண்டியது 12.5 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 16,500 ரூபாய். மேலே பார்த்த 3.2 லட்சச் சம்பளம் மாதத்துக்கு 26,700கூட இல்லை, அதுவும் பிடித்தம் போகுமுன். சென்னையில் பகிர்ந்து தங்கும் அறை வாடகையும் சாப்பாடும் மிச்சமுள்ள பத்தாயிரத்தில் அடங்க வேண்டும். டான்செட் கலந்தாய்வு வழியாக அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ சேர்ந்தவர் இதே 3.2 லட்ச வேலைக்குப் போனால், அவர் மேல் இந்தத் தவணை இருக்காது. இருந்தாலும் மிகச் சிறிதாக இருக்கும்.

கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்களின் மாணவர்களுக்குத்தான் இதில் தளர்வு. ஆக, வேலை உறுதியாகக் கிடைக்கும் இடத்தில் சேர்ந்தவரிடம் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. கிடைக்குமா என்று தெரியாத இடத்தில் சேர்ந்தவரிடம்தான் கேட்கிறது. மேலாளர் அறையில் கையெழுத்துப் போட அப்பாவும் கூட வர வேண்டும் என்று சொல்லும் நாளில், அந்தக் கல்லூரியைப் பற்றி வங்கி என்ன நினைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.